டிசம்பர்ல டியோகா ரோடு திறந்திருக்காது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கலிஃபோர்னியால இருக்குற யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு தனியா கார் ஓட்டிட்டுப் போயி டென்ட் போட்டுத் தங்குறது பத்தி உங்க ஞாயிறு இணைப்புல ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. எங்க அம்மா திருநெல்வேலில இருந்து அதை போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தாங்க, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், "இதைப் படிச்சுட்டு உங்கண்ணன் மவ கிறிஸ்துமஸ் லீவுக்கு தனியா கெளம்புதேன்னு சொல்லுதா, நீ என்னன்னு கேளு"ன்னு. அவ ஆபீஸ் வேலையா அடுத்த ஜூன் வரைக்கும் லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கா. நான் சான் ஹோசே பக்கம் ரொம்ப வருஷமா இருக்கேன், பசங்க சின்னதா இருந்தப்போ குடும்பமா போவோம், அவங்க வளந்து அவங்க வேலையப் பாக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் நான் தனியாவே யோசெமிட்டி போயிட்டு வந்துட்டு இருக்கேன், அதனால தனியா போகாதேன்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஆனா உங்க கட்டுரைய நம்பி யாரும் போயிடக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல அவசரமான விஷயத்தை சொல்லிடுறேன். லாஸ் வேகஸ்ல கார் வாடகைக்கு எடுத்து, 395 நெடுஞ்சாலைய புடிச்சு பூங்காவுக்குக் கிழக்கே இருக்குற லீ வைனிங் ஊருக்கு வந்து, அங்க இருந்து டியோகா ரோட்டுல டியோகா கணவாய் ஏறி யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள்ள இறங்கணும், டிசம்பர் லீவுக்கு ஏத்த ரூட்டுன்னு போட்டிருக்கீங்க. ரூட் அருமைதான் சார், ஒரு பக்கம் மோனோ ஏரி, மேல ஏறினா டுவாலமி புல்வெளி, ஆனா அதெல்லாம் கோடைல. டிசம்பர்ல அந்த ரோட்டுல கார் ஓடாது. டியோகா கணவாய் 9,943 அடி, மீட்டர்ல 3,031, நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நவம்பர் வாக்குல பனி விழ ஆரம்பிச்சதும் கேட்டை பூட்டிடுவாங்க, மறுபடி திறக்குறது மே கடைசியோ ஜூனோ, பனி ரொம்ப கொட்டின 2023ல ஜூலை 22 தான் திறந்தாங்க. லீ வைனிங் வரைக்கும் ஓட்டிட்டு வந்து கேட்டைப் பாத்தா, கோடைல ரெண்டு மணி நேரத்துல போற இடத்துக்கு மலைத்தொடரையே சுத்திட்டுப் போகணும், பக்கத்துல இருக்குற சொனோரா கணவாயும் அப்போ பனில மூடித்தான் கிடக்கும், அதனால வடக்கே டாஹோ ஏரிப் பக்கம் போகணும் இல்ல தெற்கே இறங்கி பேக்கர்ஸ்ஃபீல்ட் வழியா வரணும், ஒரு பகல் பூரா ஸ்டியரிங்லயே போயிடும். ஊருக்குப் புதுசு, துணைக்கு ஆள் இல்ல, பனி உறைஞ்ச ரோடு, அஞ்சு மணிக்கே இருட்டு. இந்த ஒரு வரிய எழுதுனவரு பூங்காவோட இணையதளத்துல ரோடு நிலவரம்னு ஒரு பக்கம் இருக்கே, அதை ஒரு தடவை திறந்து பாத்திருந்தா போதும்.

டிசம்பர்ல யோசெமிட்டிக்கே போக முடியாதுன்னு நான் சொல்லல. மேற்குப் பக்கத்துல இருந்து வர்ற மூணு ரோடும், மெர்சட் மாரிபோசா வழியா 140, ஃப்ரெஸ்னோ ஓக்ஹர்ஸ்ட் வழியா 41, கிரோவ்லேண்ட் வழியா 120, வருஷம் பூரா திறந்துதான் இருக்கும், பெரிய புயல் வந்தா மட்டும் மூடுவாங்க. அதுல 140 தான் உயரம் கம்மியான ரோடு, பனிக்காலத்துல நான் அதைத்தான் எடுப்பேன். ஆனா டயருக்கு மாட்டுற சங்கிலின்னு ஒண்ணு இருக்கு, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஃபோர் வீல் டிரைவா இருந்தாலும் அது கார்ல இருக்கணும்னு ரேஞ்சர் கேப்பாரு, வாடகைக்கார் கம்பெனில பல பேரு அந்த சங்கிலிய மாட்டவே கூடாதுன்னு ஒப்பந்தத்துல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. ரெண்டுக்கும் நடுவுல யாரு மாட்டுவா? வேகஸ்ல சாவி வாங்குன உங்க வாசகர்தான். அதனால டிசம்பர்ல தனியா வர்றவங்களுக்கு நான் சொல்றது, மெர்சட்ல இருந்து யார்ட்ஸ்னு ஒரு பஸ் உள்ள வரைக்கும் போகுது, அதுல ஏறுங்க, ரோட்டை டிரைவர் பாத்துக்குவாரு.

அடுத்தது எனக்கு நிஜமாவே எரிச்சல் வந்த இடம். கட்டுரை முழுக்க தைரியம், துணிச்சல், வீரமங்கை, பயத்தை உதறு, மனசு வச்சா முடியும், இதேதான். தனியா போறதுக்கு தைரியம் ஒரு ஸ்பூன் போதும் சார், மிச்சமெல்லாம் ஏற்பாடு, தேதி, புக்கிங், பெட்ரோல், பூட்டு. நாலு பேரா போறப்போ ஒருத்தர் மறந்ததை இன்னொருத்தர் எடுத்து வச்சிருப்பாரு, ஒருத்தருக்கு தூக்கம் வந்தா இன்னொருத்தர் ஓட்டுவாரு, தனியா போனா அந்த மூணு பேரோட வேலையும் கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டுல உக்காந்து முடிக்கணும். அதைப் பத்தி ஒரு பத்தி கூட இல்ல. நீங்க போட்டதெல்லாம் டென்ட் வாசல்ல காலை நீட்டி உக்காந்து எடுத்த போட்டோ.

"பிடிச்ச இடத்துல கூடாரம் போடலாம்"னு ஒரு வரி இருக்கு. போட முடியாது. யோசெமிட்டிக்குள்ள ரோட்டோரமா டென்ட் போட்டாலும் தப்பு, பார்க்கிங்ல கார்லயே தூங்கினாலும் தப்பு, ராத்திரி ரேஞ்சர் வந்து ஜன்னலைத் தட்டி எழுப்புவாரு. ஒண்ணு புக் பண்ணின கேம்ப்சைட்ல இருக்கணும், இல்ல முதுகுல மூட்டையோட காட்டுக்குள்ள நடந்து போயி தங்குறதுக்கு தனி பெர்மிட் வாங்கியிருக்கணும். அந்த கேம்ப்சைட் புக்கிங் இருக்கே, அது நம்ம தட்கால் டிக்கெட் மாதிரி, காலைல 7 மணிக்கு திறக்கும், கண்ணு மூடி திறக்குறதுக்குள்ள காலி. பள்ளத்தாக்குக்குள்ள இருக்குற அப்பர் பைன்ஸ் கேம்ப்ல மாசாமாசம் 15ம் தேதி, அஞ்சு மாசம் கழிச்சு வர்ற ஒரு மாசத்துக்கான தேதிகளை விடுவாங்க, அதாவது பிப்ரவரி 15 உக்காந்தீங்கன்னா ஜூலை 15ல இருந்து ஆகஸ்ட் 14 வரைக்கும் கிடைக்கும். ஏழு மணிங்கிறது பசிஃபிக் நேரம், நம்ம ஊர்ல இருந்து புக் பண்றவங்களுக்கு பனிக்காலத்துல ராத்திரி எட்டரை, கோடைல ஏழரை. ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்துல முன்னாடியே கணக்கு திறந்து, கார்டு விவரம்லாம் ரெடியா வச்சு, ரெண்டு மூணு சைட் நம்பரை மனசுல குறிச்சுக்கிட்டு உக்காரணும், அங்க போயி எந்த சைட் நல்லாருக்கும்னு படம் பாத்துட்டு இருந்தா அதுக்குள்ள போயிரும். கிடைக்கலன்னா விட்டுடாதீங்க, நிறைய பேரு புக் பண்ணிட்டு கிட்டக்க வர்றப்போ கேன்சல் பண்ணுவாங்க, நான் பல தடவை புகுந்தது அப்படித்தான், தனி ஆளுக்கு உள்ள ஒரே சலுகை அது, ஒரு ராத்திரி மட்டும் காலியா கிடந்தாலும் நமக்கு போதும், குடும்பமா வர்றவங்களுக்கு அது பத்தாது.

காசு விஷயத்துல தனியா போறவங்களுக்கு நஷ்டம்தான். அப்பர் பைன்ஸ்ல ஒரு சைட் ஒரு ராத்திரிக்கு 36 டாலர், ஆறு பேர் தங்கினாலும் 36, ஒருத்தர் தங்கினாலும் 36. இதுக்கு நல்ல மாத்து கேம்ப் 4. அங்க தலைக்கு 10 டாலர், ஒரு சைட்டுக்கு ஆறு பேர் வரைக்கும் போடுவாங்க, முன்ன பின்ன தெரியாத ஆளுங்களோட இடத்தைப் பங்கு போட்டுக்கணும், டென்ட் அவங்கவங்களோடது. பாறை ஏறுறவங்களோட தாய்வீடு அது, எல் கேப்பிட்டன் பாறை ஏற வர்ற உலகத்து ஆளுங்க பூரா அங்கதான் படுத்து எந்திரிப்பாங்க, 2003ல வரலாற்று இடம்னு தேசியப் பட்டியல்லயே சேத்துட்டாங்க. சீசன்ல அதுக்கு ஒரு வாரம் முன்னாடி தினமும் காலை ஏழு மணிக்கு புக்கிங். சத்தம் இருக்கும், கிட்டார் இருக்கும், ஆனா பத்து மணிக்கு மேல காலை ஆறு வரைக்கும் எல்லா கேம்ப்லயும் அமைதி நேரம், மீறினா பக்கத்து டென்ட்காரங்களே சொல்லிடுவாங்க. முதல் தடவையா தனியா டென்ட்ல படுக்கிற பொண்ணுக்கு மரத்துக்கு நடுவுல ஒதுக்கமா இருக்குற அழகான சைட்டை விட இந்த மாதிரி ஜனம் புழங்குற இடம் எவ்வளவோ மேல்னு நான் நினைக்கிறேன்.

அதுவும் கிடைக்கலன்னா பூங்காவுக்கு வெளில ஸ்டானிஸ்லாஸ், சியரா, இன்யோன்னு தேசிய வனங்கள் சுத்தி இருக்கு, அதுல சில பகுதில காசே இல்லாம டென்ட் போட விடுவாங்க, எங்கெங்கன்னு அந்தந்த ரேஞ்சர் ஆபீஸ்ல கேட்டுக்கணும், அடுப்பு பத்த வைக்க தனி பெர்மிட் கேப்பாங்க. குழாய் இருக்காது, கழிப்பறை இருக்காது, பக்கத்துல மனுஷன் இருக்க மாட்டான். பழகினதுக்கப்புறம் போற இடம்.

இப்போ கரடி. கட்டுரைல கரடி படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டு பயமுறுத்திட்டு, கீழ "உணவைக் காருக்குள் பத்திரமாகப் பூட்டி வைக்கவும்"னு போட்டிருக்கீங்க. ஐயையோ. ராத்திரில கார்ல சாப்பாடு வைக்கிறதுதான் அங்க பெரிய குத்தம். யோசெமிட்டில இருக்குறது கருங்கரடி மட்டும்தான், அது மனுஷனைக் கொன்னதா அங்க பதிவே கிடையாது, ஆனா கார் கதவை தகர டப்பா மூடி மாதிரி பிரிச்சுடும். 1998ல மட்டும் கரடி புகுந்து நாசம் பண்ணின சம்பவம் 1,500க்கும் மேல, சேதம் ஆறரை லட்சம் டாலரைத் தாண்டிச்சு, பெரும்பாலும் கார்தான். அதுக்கப்புறம்தான் எல்லா சைட்லயும் இரும்பு லாக்கர் வச்சு, ரேஞ்சருங்க ராத்திரி ராத்திரி ரோந்து போயி, இன்னைக்கு அந்தக் கணக்கு பத்துல ஒரு பங்குக்கும் கீழ வந்திருக்கு. பகல்ல கண்ணாடிய முழுசா ஏத்திட்டு, வெளிய தெரியாம மறைச்சு வச்சா சாப்பாடு கார்ல இருக்கலாம், இருட்டினதும் எல்லாம் லாக்கருக்குப் போயிடணும், லாக்கர் எந்நேரமும் தாழ்ப்பாள் போட்டிருக்கணும். மீறினா 5,000 டாலர் வரைக்கும் அபராதம் போடலாம்.

எல்லாம்னா நிஜமாவே எல்லாம். பேஸ்ட், சோப்பு, லிப் பாம், சன்ஸ்கிரீன், காலி சிப்ஸ் பாக்கெட், குப்பைப் பை, எதுல வாசனை இருக்கோ அது. நம்ம ஆளுங்க கொண்டு போறது என்ன, புளியோதரை, நல்லெண்ணெய் ஊத்தின இட்லிப் பொடி, மாவடு, முறுக்கு, வாசனைன்னு தனியா சொல்லணுமா, நமக்கே பசி எடுக்கும், கரடிக்கு எடுக்காதா. தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை மறந்துடுவாங்க, அதுவும் லாக்கருக்குத்தான். லாக்கர் ஆழம் 33 இன்ச், அகலம் 45, உயரம் 18, அப்பர் பைன்ஸ்ல தனி ஆளுக்கு தாராளம், கேம்ப் 4ல மத்தவங்களோட பங்கு போடணும்னா ஒரே டப்பாவுல எல்லாத்தையும் அடக்கி வச்சுக்கிட்டா நல்லது. நான் எடுத்துட்டுப் போறது எப்பவுமே கம்மிதான், ஒத்தை பர்னர் கேஸ் அடுப்பு, சின்ன குக்கர், அரிசி, கலவைப் பொடி, காப்பித் தூள். அடுப்புக்கு மாட்டுற கேஸ் குப்பி ஃப்ளைட்ல ஏத்தவே கூடாது, ஃப்ளைட்ல வர்றவங்க இறங்கின ஊர்ல வாங்கிக்கணும். விறகும் அப்படித்தான், தூரத்துல இருந்து கார்ல ஏத்திட்டு வராதீங்க, மரத்தைக் கொல்ற வண்டு அதுலதான் ஊர் ஊரா பரவுது, பக்கத்து கடைலயே கிடைக்கும். பள்ளத்தாக்குக்குள்ள மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் சாயங்காலம் 5 மணில இருந்து 10 மணி வரைக்கும்தான் நெருப்பு மூட்டலாம், காலைல நெருப்பு காயலாம்னு நினைச்சு வந்தா ஏமாத்தம்தான், அடுப்புல காப்பி போட்டு சூடாக்கிக்க வேண்டியதுதான்.

கார் பத்தி கொஞ்சம். நம்ம ஊர் லைசென்ஸோட சுத்திப் பாக்க வர்றவங்க கலிஃபோர்னியால ஓட்டலாம், இருந்தாலும் ஆர்டிஓல குடுக்குற இன்டர்நேஷனல் பெர்மிட்டையும் கைல வச்சுக்கிட்டா வாடகைக் கவுன்டர்ல பேச்சு குறையும். 25 வயசு ஆகலன்னா பொதுவா தினத்துக்கு தனியா ஒரு தொகை போடுவாங்க, அதையும் கணக்குல வச்சுக்கணும். பள்ளத்தாக்குக்குள்ள பெட்ரோல் பங்க் கிடையாது, வவோனா, கிரேன் ஃப்ளாட் ரெண்டு இடத்துலதான், அங்க விலையும் ஜாஸ்தி, மாரிபோசாலயோ ஓக்டேல்லயோ டேங்கை நிரப்பிட்டு ஏறுறது புத்தி. பூங்காவுக்குள்ள தூரமும் ஏமாத்தும், பள்ளத்தாக்குல இருந்து பெரிய செக்வோயா மரங்கள் இருக்குற மாரிபோசா தோப்புக்கு ஒண்ணே கால் மணி நேரம், டுவாலமிக்கு ஒன்றரை மணி நேரம், எல்லாம் ஒரே பார்க்தானேன்னு ஒரே நாள்ல திட்டம் போட்டு கடைசில இருட்டுல வளைவு வளைவா ஓட்டிட்டு இருப்பீங்க. ரோட்டோரத்துல சில இடத்துல சிவப்பு கரடி படம் போட்ட பலகை நிக்கும், அந்த இடத்துல வேகமா வந்த கார் கரடிய அடிச்சிருக்குன்னு அர்த்தம். பாத்தா கால் தானா பிரேக்குக்குப் போகும். உள்ள வந்ததும் காரை கேம்ப்லயே போட்டுட்டு இலவச ஷட்டில் பஸ்ல ஏறிக்கிறதுதான் நிம்மதி.

போன் சிக்னல் பள்ளத்தாக்குல அங்கங்க வரும், மத்த இடத்துல பெருசா எதிர்பாக்காதீங்க. மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிடணும், பேப்பர் மேப் நுழைவு கேட்லயே குடுப்பாங்க, அதையும் வாங்கி வச்சுக்கணும். இதை விட முக்கியம், வீட்டுல ஒரு ஆள்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போகணும், கார் நம்பர், கலர், எந்த கேம்ப், சைட் நம்பர் என்ன, எந்த நாள் எந்த டிரெயில், எத்தனை மணிக்குள்ள என்கிட்ட இருந்து செய்தி வரணும், வரலன்னா எத்தனை மணிக்கு 911ங்கிற அவசர நம்பரைக் கூப்பிடணும். அந்தக் கடைசி நேரத்தை கொஞ்சம் தாராளமா வைக்கணும், இல்லன்னா சிக்னல் இல்லாம ஒரு மணி நேரம் லேட் ஆனதுக்கே ஊர்ல அம்மா அழுது புரண்டு பக்கத்து வீட்டையும் எழுப்பிடுவாங்க, கோடைல பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம் வேற, நமக்கு சாயங்காலம்னா அவங்களுக்கு விடியக்காலை. அந்தக் காகிதத்தை வச்சிருக்குற ஆள் அமெரிக்காவுலயே இருந்தா நல்லது, திருநெல்வேலில இருந்து 911 அடிச்சா இங்க வராது. ஐபோன் 14ஓ அதுக்கு மேலயோ இருந்தா சிக்னல் இல்லாத இடத்துலயும் சாட்டிலைட் மூலமா அவசர உதவி கேக்கலாம், அதை எப்படி பண்றதுன்னு வீட்டுலயே ஒரு தடவை பழகிப் பாத்துடணும்.

எங்க அம்மா பயப்படுறது கரடிக்கு இல்ல, ஆம்பளைக்கு. அதை நான் சிரிச்சுத் தள்ள மாட்டேன். தனியா வந்திருக்கேன்னு யாரு கேட்டாலும் சொல்ல வேண்டியதில்ல, டென்ட் வெளில ரெண்டு நாற்காலி போட்டு வைக்கிற பொண்ணுங்க இருக்காங்க, நானும் போடுவேன். இன்ஸ்டாகிராம்ல போட்டோ ஊருக்கு வந்தப்புறம் போட்டாலும் அந்த மலை அங்கேயேதான் இருக்கும். கேம்ப் ஹோஸ்ட்னு கேம்ப்பைப் பாத்துக்குற ஒருத்தர் நிறைய கேம்ப்ல தங்கியிருப்பாரு, போனதும் அவர் எங்க இருக்காருன்னு பாத்து வச்சுக்கணும், கார் சாவி தலைமாட்டுல, ஏதாவது சரியில்லன்னு தோணுச்சுன்னா நல்லா இருக்காதோன்னு யோசிக்காம கார்ல ஏறி உக்காந்து பூட்டிக்கணும். இவ்வளவுதான் நான் செய்யுறது. ஆனா ஒண்ணு சொல்றேன், யோசெமிட்டில அதிகமா ஆளைக் கொல்றது கரடியும் இல்ல, திருடனும் இல்ல, தண்ணியும் பள்ளமும்தான். 2011 ஜூலைல வெர்னல் அருவிக்கு மேல தடுப்புக் கம்பியைத் தாண்டி தண்ணிக்குள்ள போன மூணு பேர் அப்படியே அடிச்சுட்டுப் போயிட்டாங்க, பாத்துக்கிட்டு நின்னவங்க அத்தனை பேர். 2018ல டாஃப்ட் பாயின்ட்ல நம்ம இந்தியத் தம்பதி ஒண்ணு விழுந்து இறந்தது உங்க பேப்பர்லயே வந்திருக்கும். மே ஜூன்ல அருவிங்க முழு வேகத்துல இருக்கும், யோசெமிட்டி அருவி 2,425 அடி, அதைப் பாக்க அதுதான் காலம், ஆகஸ்ட்ல போனா பாறை மட்டும்தான் நிக்கும், ஆனா அதே மாசத்துலதான் மெர்சட் ஆறும் பனி உருகின தண்ணியோட வெறி புடிச்சு ஓடும். மேலாப்ல அமைதியா தெரியும். கால் நனைக்கக் கூட இடம் பாத்துதான். தனியா போறவங்களுக்கு கை நீட்ட பக்கத்துல ஆள் இருக்காதுங்கிறதை உங்க கட்டுரை சுதந்திரம்னு எழுதியிருக்கு.

ஹாஃப் டோம்ங்கிற பாறை மலை ஏறுறதை ஒரு வரில "காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பலாம்"னு முடிச்சுட்டீங்க. கேபிள் புடிச்சு ஏறுற கடைசிப் பகுதிக்கு பெர்மிட் வேணும், குலுக்கல்ல கிடைக்கணும், மார்ச் மாசம் பூரா அதுக்கு விண்ணப்பம், தவறினா போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு சின்ன குலுக்கல். மே கடைசில இருந்து அக்டோபர் நடு வரைக்கும்தான் கேபிளை தூக்கி நிறுத்தியிருப்பாங்க. முதல் தடவை போறவங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லுவேன், வெர்னல் அருவி வரைக்கும் மிஸ்ட் டிரெயில்ல போயி நனைஞ்சுட்டு வந்தாலே அந்த நாள் நிறைஞ்சுடும்.

இன்னொரு புது விஷயம், உங்க கட்டுரைல பழைய கணக்கு இருக்கு. காருக்கு 35 டாலர் குடுத்தா ஏழு நாள்னு போட்டிருக்கீங்க, அது சரிதான், ஆனா 2026 ஜனவரி 1ல இருந்து அமெரிக்காவுல குடியிருக்காத ஆளுங்க 16 வயசோ அதுக்கு மேலயோ இருந்தா யோசெமிட்டி உள்பட 11 பெரிய பூங்காவுல தலைக்கு 100 டாலர் கூடுதலா குடுக்கணும்னு அறிவிச்சிருக்காங்க. இல்லன்னா வெளிநாட்டவங்களுக்கான 250 டாலர் வருஷ பாஸ் எடுக்கணும், இங்க இருக்குறவங்களுக்கு அதே பாஸ் 80 தான். தனியா வர்ற விசிட்டர் யோசெமிட்டி மட்டும்னா 135 ஆகும், கூடவே தெற்குல இருக்குற செக்வோயா கிங்ஸ் கேன்யனும் போறதா இருந்தா அதுவும் அந்த 11ல ஒண்ணு, ரெண்டும் சேத்து 270, அப்போ 250 பாஸே லாபம். ஊர்ல இருந்து பிள்ளைங்களைப் பாக்க வர்ற அப்பா அம்மாங்களுக்கும் இது பொருந்தும், கேட்ல போயி நின்னு தெரிஞ்சுக்கிட்டா வயித்தெரிச்சலா இருக்கும், அதனால இதை தனிப் பெட்டிச் செய்தியாவே போடலாம்.

எங்க அண்ணன் மவகிட்ட பேசிட்டேன். கொஞ்சம் முகத்தைத் தூக்கினா, அத்தை நீங்க மட்டும் போறீங்கன்னா, போகாதேன்னு யாரும்மா சொன்னா மே மாசம் போன்னேன். இந்த டிசம்பர் 15 காலைல ஏழு மணிக்கு மே 15ல இருந்து ஜூன் 14 வரைக்குமான அப்பர் பைன்ஸ் தேதிகள் திறக்குது, அவ லாஸ் ஏஞ்சலஸ்லயும் நான் இங்கயும் லேப்டாப்போட உக்காரப் போறோம், ரெண்டு பேருக்கும் கிடைச்சுட்டா எனக்குக் கிடைச்சதை கேன்சல் பண்ணிடுவேன், ஏன்னா அவ தனியாத்தான் போகணும்னு நிக்கிறா. அவளோட காகிதம் என்கிட்ட இருக்கும்.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான். டியோகா ரோடு விஷயத்தையும், கார்ல சாப்பாடு வைக்கச் சொன்னதையும், எங்க வேணா டென்ட் போடலாம்னு சொன்னதையும் அடுத்த ஞாயிறு இணைப்புலயே திருத்தம்னு போட்டுடுங்க, உள்பக்கத்துல மூலைல இல்ல, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்துல, கிறிஸ்துமஸ் லீவுக்கு ஜனங்க கிளம்புறதுக்கு முன்னாடி. இந்தக் கடிதம் நீளம்னு தோணுச்சுன்னா என் கதைய வெட்டிட்டு அந்த மூணை மட்டும் போட்டாலும் எனக்கு வருத்தம் இல்ல.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி,
சான் ஹோசே பக்கம், கலிஃபோர்னியா